அழித்தாயிற்று என்று எப்படித் தெரியும்? நினைவகத்திலிருந்து ரகசியத்தைத் துடைக்கும் வழி

மலேசிய அடையாள அட்டையான ஐசியின் எண்ணில் 12 இலக்கம். முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த இடம். எங்கள் பேராக் மாநிலத்தில் பிறந்தவர் பலருக்கு அது 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஒரே வரியில் ஒரு மனிதரைப் பற்றி இவ்வளவு சொல்லிவிடலாம்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் நடத்தும் சிறிய மரண சகாய நிதி ஒன்றுக்கு உறுப்பினர் பதிவு நிரல் எழுதிக் கொடுத்தேன். ஒருநாள் பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே நிரல் விழுந்தது. விழுந்த நேரத்தில் நினைவகத்தில் இருந்ததையெல்லாம் லினக்ஸ் ஒரு கோர் கோப்பாக எழுதி வைத்திருந்தது. என்ன பிழை என்று பார்க்கச் சொல்லி, அந்தக் கோப்பை அப்படியே ஈப்போவில் இருக்கும் நண்பருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். சாயங்காலம் அவர் போன் செய்தார். "அண்ணே, பிழையைப் பிடிச்சிட்டேன். ஆனா இந்தக் கோப்புக்குள்ள நாப்பது பேரோட ஐசி நம்பர் கெடக்கு, பாத்தீங்களா?"

அத்தனையும் அன்று காலை பதிந்தவர்களுடையவை. ஒவ்வொரு பதிவும் முடிந்ததும் அந்த இடத்தை ஃப்ரீ செய்திருந்தேன், அதாவது இனி வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருந்தேன். அழிந்துவிட்டது என்றுதான் நம்பியிருந்தேன். "பத்திரமா வெச்சுக்கோய்யா" என்று சொல்லி முந்தானை முடிச்சிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்த பாட்டியின் எண்ணும் அதில் இருந்தது. அந்த நாற்பது பேர் வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். சனிக்கிழமை சாயங்கால வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இந்தப் பாடத்தைத்தான்.

தேவையானவை அதிகமில்லை. லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி ஒன்று, ஜிசிசி கம்பைலர், ஜிடிபி பிழைத்திருத்தி. சீ மொழியில் ஃபங்ஷன், அணி, பாயிண்டர் மூன்றும் தெரிந்தால் போதும்.

முதல் படி: கண்ணால் பாருங்கள்

துடைக்கும் வழியைக் கற்பதற்கு முன் அழுக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பழகுங்கள். பல வழிகாட்டிகள் "இந்த ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லி முடித்துவிடுகின்றன. கூப்பிட்டும் அழியாமல் போவதுதான் இதில் உள்ள ஆபத்து என்பதால் சோதனையை முதலில் வைக்கிறேன்.

சின்ன நிரல் ஒன்று எழுதுங்கள். மால்லோக் மூலம் 256 பைட் வாங்குங்கள். எஃப்கெட்ஸ் மூலம் விசைப்பலகையிலிருந்து ஒரு வரியை அதில் படியுங்கள். உடனே ஃப்ரீ செய்யுங்கள். பிறகு ஸ்லீப் கொண்டு 600 நொடி தூங்க விடுங்கள். அவ்வளவுதான் நிரல்.

ஓட்டும்போது உண்மையான எண்ணைத் தட்டாதீர்கள். முதலில் ஒரு பெயர், பிறகு வேறெங்கும் தற்செயலாக வர வாய்ப்பில்லாத ஓர் அடையாளச் சொல். எங்கள் வகுப்பில் "மயிலிறகு7788". பெயரை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஃப்ரீ செய்த துண்டின் தொடக்கத்தில், லினக்ஸில் சீ மொழிக்கு அடிப்படையான ஜிலிப்சி நூலகம் தன் கணக்கை எழுதிக்கொள்ளும்; 64 பிட் கணினியில் அது முதல் 16 பைட் வரை போகலாம். அடையாளச் சொல் அங்கே இருந்தால் அது மட்டும் சிதைந்து, "அழிந்துவிட்டது" என்று தவறாக நினைத்துவிடுவீர்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட் எடுக்கும். ஆகவே ஆறு குறி உள்ள பெயரே அந்த 16 பைட்டைத் தாண்டிவிடும்.

நிரல் தூங்கும்போது இன்னொரு டெர்மினலைத் திறந்து, அதன் செயல்முறை எண்ணைக் கொடுத்து ஜிகோர் கட்டளையை ஓட்டுங்கள். ஜிடிபியோடு சேர்ந்து வரும் கட்டளை அது. அனுமதி இல்லை என்றால், நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சூடோவை முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். நிரலை நிறுத்தாமலே அதன் நினைவகம் ஒரு கோப்பாக வந்து விழும். அந்தக் கோப்பில் கிரெப் கொண்டு அடையாளச் சொல்லைத் தேடுங்கள். பைனரி கோப்பையும் எழுத்தாகப் படிக்கச் சொல்லும் ஏ விருப்பத்தையும், கிடைத்த ஒவ்வொன்றையும் தனி வரியில் காட்டும் ஓ விருப்பத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

நீங்கள் ஒருமுறைதான் தட்டினீர்கள். தேடலில் இரண்டு வரும்.

ஒன்று ஏன் என்று முதலில் பார்ப்போம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டைக் காலி செய்யும் குடும்பம் சாவியைத் தோட்ட ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போகும். சுவரில் ஒட்டிய நாள்காட்டியும் கதவுக்குப் பின்னால் கரியில் எழுதிய கடன் கணக்கும் அப்படியே கிடக்கும், அடுத்த குடும்பம் வந்து வெள்ளையடிக்கும்வரை. ஃப்ரீ செய்வது அந்தச் சாவியைக் கொடுக்கும் வேலை. அடுத்து யார் எப்போது அந்த இடத்தில் எழுதுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. இரண்டாவது எங்கிருந்து வந்தது என்பது மூன்றாம் படியில்.

"என் நிரலின் நினைவகத்தை யார் சார் வந்து படிக்கப் போறாங்க?" என்று வகுப்பில் ஒருவராவது கேட்பார். நியாயமான கேள்வி. நான் அனுப்பியதுபோல் கோர் கோப்பு வழியாகப் போகலாம். 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் ஓட்டை இன்னொரு வழியைக் காட்டியது. இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஒரு நீளத்தைச் சரிபார்க்காமல் விட்டதால், வெளியில் இருக்கும் எவரும் ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்தைக் கேட்டு வாங்க முடிந்தது. கடவுச்சொற்களும் சர்வரின் தனிச் சாவியும்கூட அதில் வரக்கூடும் என்று தெரிந்தது. வேலை முடிந்தும் துடைக்காமல் விட்ட ஒவ்வொரு பஃபரும், அதாவது தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடமும், அப்படிப்பட்ட நாளில் எடுக்கத் தயாராகக் கிடக்கும்.

இரண்டாம் படி: காணாமல் போகும் மெம்செட்

ஃப்ரீ செய்வதற்கு முந்தின வரியில், 256 பைட்டையும் சுழியாக்கச் சொல்லி மெம்செட் சேருங்கள். மேம்படுத்தல் எதுவும் கேட்காமல் தொகுத்து ஓட்டுங்கள். இரண்டு ஒன்றாகும். சந்தோஷப்பட்டு எழுந்து போய்விடாதீர்கள். அதே நிரலை, ஒரு எழுத்தும் மாற்றாமல், ஓ2 மேம்படுத்தலோடு தொகுத்து ஓட்டுங்கள். திரும்பவும் இரண்டு!

கம்பைலரில் பிழை ஏதும் இல்லை. நிரல் வெளியில் தெரியும்படி செய்வது மாறாதவரை உள்ளே எதை வேண்டுமானாலும் சுருக்கலாம் என்று சீ மொழியின் விதி அதற்கு அனுமதி தருகிறது. மெம்செட் எழுதும் இடம் அடுத்த வரியிலேயே ஃப்ரீ ஆகிறது. அதற்குப் பிறகு யாரும் அதைப் படிக்கப் போவதில்லை. படிக்காத இடத்தில் எழுதுவது வீண்வேலை என்று முடிவுசெய்து அந்த வரியையே எடுத்துவிடுகிறது. ஃபங்ஷனுக்குள் இருக்கும் சாதாரண அணியைக் கடைசியில் துடைத்தாலும் இதே கதிதான். பிழை தேடும்போது மேம்படுத்தாமல் ஓட்டுவோம், பயனாளரிடம் கொடுக்கும்போது மேம்படுத்திக் கொடுப்போம். அதனால் நம் மேசையில் அழிகிற ரகசியம் அவர்கள் மேசையில் அழியாது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலான சிடபிள்யூஈயில் இதற்கென்றே 14ஆம் எண் இருக்கிறது.

இதற்காகவே கம்பைலர் தூக்க முடியாதபடி செய்யப்பட்ட ஃபங்ஷன்கள் இருக்கின்றன. லினக்ஸில் ஜிலிப்சி 2.25 முதல், அதாவது 2017 முதல், எக்ஸ்ப்ளிசிட்_பிஜீரோ கிடைக்கிறது. அது ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்திலிருந்து வந்தது. விண்டோஸில் செக்யூர்ஜீரோமெமரி. ஓபன்எஸ்எஸ்எல் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஓபன்எஸ்எஸ்எல்_கிளென்ஸ், லிப்சோடியம் என்றால் சோடியம்_மெம்ஜீரோ. சீ23 தரத்தில் மெம்செட்_எக்ஸ்ப்ளிசிட் சேர்ந்திருக்கிறது. பழைய பாடங்களில் மெம்செட்_எஸ் என்று பார்ப்பீர்கள். அது சீ11இன் விருப்பப் பகுதியில் உள்ளது, ஜிலிப்சியில் கிடையாது. அதைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

இதைச் சுருக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் வாலட்டைல் பாயிண்டர் வைத்து ஒவ்வொரு பைட்டாக அழிக்கும் சொந்த லூப் ஒன்றை நீங்களே எழுதலாம் என்று சிலர் சொல்வார்கள். வேறு எதுவுமே இல்லாத சிறிய கருவிகளில் அதற்கு இடமுண்டு. புதியவர்களுக்கு என் சொல், நூலகம் தருவதைப் பயன்படுத்துங்கள். அந்த வாக்குறுதியைக் காப்பாற்றும் பொறுப்பை அதை எழுதியவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மெம்செட்டை எடுத்துவிட்டு எக்ஸ்ப்ளிசிட்_பிஜீரோ போட்டு, ஓ2வில் தொகுத்து ஓட்டுங்கள். இப்போது ஒன்று.

மூன்றாம் படி: அந்த இன்னொன்று

மிச்சமிருக்கும் அந்த ஒன்றை உங்கள் நிரலில் எவ்வளவு தேடினாலும் காணமுடியாது. எஃப்கெட்ஸ் விசைப்பலகையிலிருந்து நேராக உங்கள் பஃபருக்குக் கொண்டுவருவதில்லை. முதலில், நிரலின் உள்ளீட்டு வழியான எஸ்டிடிஇன் தனக்கென வைத்திருக்கும் உள் பஃபரில் முழு வரியையும் இறக்கிக்கொண்டு, அதிலிருந்து உங்களுக்கு ஒரு நகல் தருகிறது. உங்கள் நகலைத் துடைத்தீர்கள். மூலம் அங்கேயே இருக்கிறது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பால் வடியும் கிண்ணமான மங்கில் விழுந்தது மட்டும்தான் பால் என்று யார் சொல்வார்கள்? வெட்டுக் கோட்டில் ஒட்டுப்பால் காய்ந்திருக்கும். வாளியில் ஊற்றிய பிறகும் மங்கின் அடியில் கட்டிப்பால் நிற்கும். கொஞ்சம் வேரடியில் சிந்தியிருக்கும். ரகசியமும் போன வழியெல்லாம் ஒட்டிக்கொண்டு போகிறது.

எஃப்கெட்ஸை எடுத்துவிட்டு, 0 என்ற கோப்பு எண்ணிலிருந்து ரீட் கொண்டு நேரடியாகப் படியுங்கள். ரீட் கடைசியில் சுழிக்குறி போடாது. வந்த பைட் எண்ணிக்கையை மட்டும் சொல்லும். 256இல் 255 வரை படிக்கச் சொல்லி, முடிவுக்குறியை நீங்களே வையுங்கள். திரும்ப ஓட்டி, ஜிகோர் எடுத்து, தேடுங்கள். இப்போது ஒன்றும் வராது. வகுப்பில் இந்த வெறும் திரையைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அவசரப்படுத்த மாட்டேன்.

உண்மையான நிரலில் நகல்கள் இன்னும் அதிகம். பிரின்ட்எஃப் போட்டுப் பார்த்தீர்களா? வெளியீட்டு வழியான எஸ்டிடிஅவுட்டின் பஃபரில் ஒரு நகல். ஸ்ட்ரிங்கை ஒட்டிச் சேர்த்தீர்களா? இடைப்பட்ட ஒவ்வொரு துண்டும் ஒரு நகல். தரவுத்தள நூலகம் கேள்வி வாக்கியத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ரீஅல்லோக் இன்னும் மோசம். பஃபரைப் பெரிதாக்கும்போது வேறு இடத்துக்கு மாற்றினால், பழைய இடத்தைத் துடைக்காமலே விட்டுவிடும், உங்களிடம் பழைய முகவரியும் இருக்காது. ரகசியம் இருக்கும் பஃபருக்கு ரீஅல்லோக் வேண்டாம். புதிய இடம் வாங்கி, நகலெடுத்து, பழையதைத் துடைத்து, பிறகு ஃப்ரீ செய்யுங்கள். கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் வாங்கவும் வேண்டாம். ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையிலேயே தெரியும்.

எங்கள் நிதி நிரலில் நகல்களைத் தேடித்தேடித் துடைப்பதைவிட, நகல் எடுப்பதையே குறைத்தது அதிகம் உதவியது. ஐசி எண் ஐந்து ஃபங்ஷன்களுக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. யோசித்துப் பார்த்தால் இரண்டுக்குத்தான் அது வேண்டும். மற்ற மூன்றுக்கும் உறுப்பினர் எண் போதுமாக இருந்தது.

அளவில் செய்யும் தவறு

எத்தனை பைட் துடைக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். சைஸ்ஆஃப் உண்மையான அணியின் பெயரில் கேட்டால் முழு அளவைச் சொல்லும். அதே அணியை ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பிவிட்டு அங்கே கேட்டால் பாயிண்டரின் அளவைத்தான் சொல்லும். 64 பிட் கணினியில் அது 8. கோடு போடாத ஐசி எண்ணில் 8 பைட் துடைத்தால் பிறந்த தேதியும் மாநிலமும் போகும், கடைசி 4 இலக்கம் நிற்கும். நிரலும் விழாது, எச்சரிக்கையும் வராமல் போகலாம். அடையாளச் சொல்லின் வால் பகுதியை மட்டும் தனியாகத் தேடிப் பார்த்தால் இது பிடிபடும்.

ஸ்ட்ரெலன் கொண்டு அளப்பதும் ஆகாது. அது எழுத்தின் நீளத்தைச் சொல்கிறது, பஃபரின் நீளத்தை அல்ல. முன்பு நீளமான ஒன்று இருந்து, அதன்மேல் குட்டையான ஒன்று எழுதப்பட்டிருந்தால் பழையதன் வால் தப்பித்துவிடும். எப்போதும் வாங்கின அளவைக் கொடுத்தே துடையுங்கள். அதற்காக, அளவையும் பாயிண்டரையும் சேர்த்தே ஃபங்ஷனுக்கு அனுப்புங்கள்.

பிழை வந்ததும் பாதியில் ரிட்டர்ன் ஆகிப் போகும் வழிகளையும் பாருங்கள். "தரவுத்தளம் திறக்கவில்லை, ரிட்டர்ன்" என்ற வரி துடைக்கும் வரியைத் தாண்டி ஓடிவிடும். எல்லா வழியும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து, அங்கே துடைத்துவிட்டு வெளியேறும்படி எழுதுங்கள். சீ மொழியில் இதற்கு கோட்டூ பயன்படுத்துவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நினைவகத்தைவிட்டு வட்டுக்குப் போகும் வழிகள்

நீங்கள் துடைப்பதற்குள் இயங்குதளம் அந்த நினைவகப் பக்கத்தை (நினைவகத்தைப் பிரிக்கும் ஒரு துண்டை) வட்டுக்கு எடுத்துப் போகலாம்; அதுதான் ஸ்வாப். ரேம் குறைந்த பழைய கணினிகளில் ஸ்வாப் அடிக்கடி நடக்கும். தோட்டத்துப் பக்கம் நாம் பயன்படுத்தும் கணினிகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான். எம்லாக் கொண்டு அந்தப் பக்கத்தை ரேமிலேயே பூட்டி வைக்கலாம், விண்டோஸில் விர்ச்சுவல்லாக். எவ்வளவு பூட்டலாம் என்பதற்கு வரம்பு உண்டு, பழைய லினக்ஸில் 64 கிலோபைட்தான், ஆகவே ரகசியத்துக்கு மட்டும் ஒரு சிறிய இடம் ஒதுக்கி அதைப் பூட்டுங்கள். பூட்டு விழுந்ததா என்று திரும்பி வரும் மதிப்பைச் சரிபாருங்கள். கணினியை ஹைபர்னேட் செய்தால் எம்லாக் காப்பாற்றாது. ரேமில் இருப்பது வட்டுக்குப் போகத்தான் செய்யும். முழு வட்டையும் குறியாக்கம் செய்வதுதான் அதற்கு மருந்து.

கோர் கோப்பே எழுதப்படாமல் இருக்க, நிரலின் தொடக்கத்தில் செட்ஆர்லிமிட் கொண்டு கோர் அளவை 0 ஆக்குங்கள். குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் விலக்க எம்அட்வைஸில் டோன்ட்டம்ப் என்ற குறிப்பு உண்டு. அதைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும்: ஜிகோரும் அந்தப் பக்கங்களை விட்டுவிடும், உங்கள் சோதனை எதையும் காட்டாமல் உங்களை ஏமாற்றும்.

ஜாவா, பைத்தான் எழுதுகிறவர்களுக்கு

இங்கே நிலைமை கடினம், அதை மறைக்க மாட்டேன். ஜாவாவின் ஸ்ட்ரிங்கை உருவாக்கிய பிறகு மாற்ற முடியாது, அதனால் துடைக்கவும் முடியாது. ஜாவாவின் சாளர நூலகமான ஸ்விங்கின் கடவுச்சொல் பெட்டி ஸ்ட்ரிங் தராமல் எழுத்துகளின் அணியான சார் அணி தருவது இதனால்தான். வேலை முடிந்ததும் அதை ஃபில் செய்து அழிக்கலாம். ஆனால் பயன்படாத நினைவகத்தைத் தானே மீட்கும் குப்பை சேகரிப்பான் பொருள்களை இடம் மாற்றும்போது பழைய இடத்தில் நகல் மிஞ்சலாம். பைத்தானில் எழுத்து வகையான எஸ்டிஆரும் பைட் வகையான பைட்ஸும் மாற்ற முடியாதவை. பைட்அரே மாற்றக்கூடியது, ஆனால் அதை ஒருமுறை எஸ்டிஆர் ஆக்கினால் துடைக்க முடியாத நகல் பிறந்துவிடும். ரஸ்டில் ஜீரோய்ஸ் நூலகம் நல்ல துணை.

இந்த மொழிகளில் எழுதும்போது நான் செய்வது, ரகசியத்தைத் தொடும் வேலையை மட்டும் தனியாக, சில நொடியே வாழும் ஒரு செயல்முறையாகப் பிரிப்பது. அது முடிந்தால் அதன் பக்கங்கள் லினக்ஸிடம் திரும்பும். வேறொரு செயல்முறைக்குக் கொடுக்கும்முன் லினக்ஸ் அவற்றைச் சுழியாக்கியே கொடுக்கும். நாள் முழுவதும் ஓடும் நிரலில் ரகசியம் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஜாவா நிரலைச் சோதிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: தமிழ் எழுத்துகள் அதற்குள் யூடிஎஃப்-16 வடிவில் இருக்கும். யூடிஎஃப்-8 வடிவில் மட்டும் தேடினால் அகப்படாது.

துடைத்த பிறகும் சிபியூவின் ரெஜிஸ்டரிலோ ஸ்டாக்கின் ஒரு மூலையிலோ சில பைட் மிஞ்சக்கூடும். ஜிசிசி 11 முதல், ஃபங்ஷன் முடியும்போது அது பயன்படுத்திய ரெஜிஸ்டர்களைச் சுழியாக்கும் ஒரு விருப்பம் உண்டு. மறையாக்கச் சாவிகளோடு வேலை செய்யும் நாள் வரும்போது அதைப் படியுங்கள். இப்போதைக்கு அது வேண்டாம்.

சோதனையைப் பழக்கமாக்குவது

மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 709ஆம் சட்டம், 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. தரவைப் பாதுகாப்பதும், தேவைக்கு மேல் வைத்திருக்காமல் அழிப்பதும் அதன் கோட்பாடுகளில் இரண்டு. வேலைக்குப் போகும் பிள்ளைகள் அதை ஒருமுறையாவது வாசித்துவிட்டுப் போகவேண்டும்.

நிதி நிரலுக்கு இப்போது ஒரு சிறிய ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். ஓ2வில் தொகுத்த அதே நிரலை ஓட்டி, கற்பனை உறுப்பினர் ஒருவரை அடையாளச் சொல்லோடு பதிந்து, ஜிகோர் எடுத்து, முழுச் சொல்லையும் அதன் வாலையும் எண்ணும். எண்ணிக்கை 0 இல்லை என்றால் புதிய பதிப்பு பென் டிரைவுக்குப் போகாது. கம்பைலரைப் புதுப்பித்தாலும், நூலகத்தை மாற்றினாலும், ஒரே ஒரு பிரின்ட்எஃப் சேர்த்தாலும் திரும்ப ஓட்டுகிறேன். அசெம்பிளியைப் பிரித்துப் பார்த்து மெம்செட் இருக்கிறதா என்று தேடுவதைவிட இது நம்பகமானது. சிறிய பஃபருக்குக் கம்பைலர் அந்த அழைப்பையே எடுத்துவிட்டு, நேராகச் சுழி எழுதும் கட்டளைகளைப் போடுவதுண்டு. பெயர் இல்லை என்பதால் வேலை நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஜிகோர் எடுத்த கோப்பை உடனே நீக்குங்கள். எஸ்எஸ்டி வட்டில் நீக்கிய கோப்பு அப்போதே அழியும் என்று உறுதி கிடையாது, ஆகவே உறுப்பினர் பதிவு நடக்கும் நாளில், உண்மையான பெயர்கள் நினைவகத்தில் இருக்கும்போது, இந்தச் சோதனையை ஒருபோதும் ஓட்டாதீர்கள். அதற்கென்று வேறு கணினி வையுங்கள், அதில் மயிலிறகு7788 மட்டும் இருக்கட்டும்.